வேர்க்கிற கை

எனக்குப் பயம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கையைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும் உடனே கேட்பது, "ஏம்மா பயப்படறே?" என்பதுதான். நான் பயப்படவில்லை ஐயா, என் கை வேர்க்கும். காரணமே இல்லாமல் வேர்க்கும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதும்போது விடைத்தாளுக்கும் கைக்கும் நடுவில் ஒரு கர்ச்சீப் விரித்துக்கொள்வேன். பெங்களூரின் டிசம்பர் குளிரில் அல்சூர் ஏரிப் பக்கம் எல்லோரும் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு நடக்கும்போதும் என் உள்ளங்கை நசநசவென்றுதான் இருக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஹேண்டில்பாரின் இரண்டு பிடியிலும் பழைய துண்டைக் கிழித்துச் சுற்றி வைத்திருப்பார். அம்மா அதை அவிழ்த்துத் துவைத்துப் போடுவாள். எங்கள் வீட்டில் அது ஒரு விஷயமே இல்லை.

அம்மா ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள். எல்லோரும் வருவதற்கு முன்னால் போய் டேபிள்களைத் துடைத்து, கீபோர்டைத் தட்டி, எச்சில் கப்புகளைப் பொறுக்கிவிட்டு, அவர்கள் வரும்போது கண்ணில் படாமல் ஒதுங்கிவிட வேண்டும். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் அந்த டேபிள்களைப் பற்றித்தான் பேச்சு. எந்த டேபிளில் பிள்ளையார் பொம்மை இருக்கிறது, எந்த டேபிளில் செடி வாடிக் கிடக்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"ஒரு பொண்ணுடி, உன்னைவிட நாலஞ்சு வயசு பெருசா இருக்கும். சேர்ல காலை மடக்கிக்கிட்டு ஜம்முனு உக்காந்து காபி குடிக்குது. ஏ.சி. ஜில்லுனு வருது. நீ அந்த மாதிரி சேர்ல உக்காரணும். நான் துடைக்கற டேபிள்ல உன் பேர் போட்ட போர்டு இருக்கணும். அதைப் பாத்துட்டா எனக்குப் போதும்" என்பாள்.

நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். வேறு ஆசை எதுவும் வராத வரைக்கும் அம்மாவின் ஆசையே என் ஆசையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பில் எங்களை ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அழைத்துப்போனார்கள். டூல் அண்ட் டை, அதாவது அச்சும் கருவியும் செய்கிற படிப்பு சொல்லித்தருகிற இடம். பெண்களும் வரலாம் என்று காட்டுவதற்காக எங்கள் பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்த சமோசாதான் ஞாபகம் இருக்கும். எனக்கு ஒரு சின்ன மரப்பெட்டி ஞாபகம் இருக்கிறது. அதற்குள் பிஸ்கட் அளவில் எஃகுத் துண்டுகள் வரிசையாக இருந்தன. கண்ணாடி மாதிரி மினுங்கின. ஸ்லிப் கேஜ் என்று பெயர். செய்த பொருளின் அளவு சரியா என்று இவற்றை வைத்துத்தான் பார்ப்பார்களாம். அங்கே படிக்கிற ஒரு பெண் இரண்டு துண்டுகளை எடுத்தாள், ஒன்றின்மேல் ஒன்றை வைத்து லேசாகத் தேய்த்தாள், பிறகு மேல்துண்டை மட்டும் பிடித்துத் தூக்கினாள். கீழ்த்துண்டும் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது! பசை இல்லை, காந்தம் இல்லை. இரண்டும் அவ்வளவு சமமாக, அவ்வளவு வழவழப்பாக இருப்பதால் தாமாகவே பிடித்துக்கொள்கின்றன என்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இப்படி ஒன்றை மனுஷர்கள் கையால் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

வீட்டில் சொன்னதும் அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"பட்டறை வேலையா? பொட்டைப் புள்ளைக்கா? உனக்கென்ன தலையெழுத்தா?"

"பட்டறை இல்லம்மா. டூல் ரூம்."

"பேரை மாத்திட்டா கிரீஸ் ஒட்டாதா?"

காக்ஸ் டவுனிலிருந்து மாமாவை வரவழைத்தாள். மாமா ஓர் ஆபீசில் கிளார்க். எங்கள் குடும்பத்தில் படித்தவர் என்ற பட்டம் அவருக்குத்தான். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பி.யூ. என்கிற பிளஸ் டூ சேர்ந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் வாழ்க்கை, டிப்ளமோ என்பது பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குவது என்று விளக்கினார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "மாமா, உங்க ஸ்கூட்டர்ல இருக்கற ஒவ்வொரு தகடும் யாரோ செஞ்ச அச்சுல அடிச்சதுதான். அந்த அச்சை செய்யறவங்க இல்லைன்னா நீங்க இங்க நடந்துதான் வந்திருக்கணும்" என்றேன். மாமா காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு நகர்த்துவாள், அவ்வளவுதான். அப்பாதான் கடைசியில், "விடு, அவ கை, அவ இஷ்டம்" என்றார். அந்த வார்த்தையை நான் பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

படிப்பில் ஒரு குறையும் இல்லை. அரம் பிடித்து உராய்ந்தேன், கடைசல் போட்டேன், உள்ளங்கை காய்த்துப்போனது. கை ஈரத்தைப் பார்த்த வாத்தியார்கள் வழக்கம்போல் பயம் என்று நினைத்துக்கொண்டார்கள். "பொண்ணு இல்லையா, போகப் போகச் சரியாயிடும்" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே பேசிக்கொண்டார்கள். செய்த பொருளை அன்றன்றைக்கே எண்ணெய் தடவி ஒப்படைத்துவிடுவோம். அதனால் எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

பீன்யாவில் ஒரு டை தயாரிக்கிற கம்பெனியில் ட்ரெய்னியாக வேலை கிடைத்தது. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, பீன்யாவில் இறங்கி நடக்க வேண்டும். டை என்றால் தகட்டை வெட்டி எடுக்கிற அச்சு. அதன் எஃகுப் பலகைகளைக் கடைசியாகச் சாணை பிடித்துக் கண்ணாடியாக்குகிற இடம் கிரைண்டிங் செக்‌ஷன். ட்ரெய்னிகளை எல்லா மெஷினிலும் சுற்றவிட்டு, தீபாவளி முடிந்ததும் யார் எங்கே நிரந்தரம் என்று சொல்வார்கள். நான் கேட்டது கிரைண்டிங். அது கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தேன். அந்தச் சாணைக்கல் எஃகின்மேல் போய்வரும்போது வருகிற ஓசையை வைத்தே எவ்வளவு உராய்கிறது என்று எனக்குப் பிடிபட ஆரம்பித்திருந்தது. எங்கள் ஃபோர்மேன் ஆம்பூர்க்காரர், எதையும் சட்டென்று புகழ்ந்துவிட மாட்டார். அவரே ஒருநாள் நான் முடித்த பலகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றார். அன்றைக்கு மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

பெங்களூரில் ஃபேக்டரிகளுக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிய பண்டிகை. மெஷினெல்லாம் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து அனுப்புவார்கள். கருவிகளை ஒரு பலகையில் அலங்காரமாக அடுக்கிப் பூஜை செய்வார்கள். செய்துவிட்டால் விஜயதசமி முடிந்து திறக்கிற வரைக்கும் ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது. வீட்டில் புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டுப் படிக்காமல் இருப்பது மாதிரிதான்.

அந்த வருஷம் டூல் ரூமில் நான் ஒருத்திதான் பெண். தலைக்குக் குளித்து, பட்டு மாதிரி இருக்கிற ஒரு புடவையைக் கட்டிக்கொண்டு, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஃபோர்மேன் கேஜ் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"நம்ம டூல் ரூமுக்கு லட்சுமி வந்திருக்கா. இந்த வருஷம் உன் கையால எடுத்து வைம்மா."

எல்லோரும் கை தட்டினார்கள். பத்தாம் வகுப்பில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த அதே மாதிரி பெட்டி! ஒவ்வொரு கேஜாக எடுத்து, துடைத்து, மஞ்சள் துணி விரித்த பலகையில் சூரியக் கதிர் மாதிரி அடுக்கினேன். நடுவில் நான் சாணை பிடித்த எஃகுப் பலகையை வைத்தேன். சாதாரண நாளாக இருந்தால் வேலை முடிந்ததும் கேஜை மறுபடி துடைத்து, வாசலின் தடவித்தான் பெட்டியில் வைப்போம். அன்றைக்கு யார் தொடுவது? சாமிக்கு வைத்தாகிவிட்டது. சூடம் காட்டினோம், கதவைப் பூட்டினோம், வீட்டுக்குப் போனோம்.

லீவு முடிந்து போனபோது கிரைண்டர் ஓட்டுகிற அண்ணன் ஒருவர்தான் முதலில் பார்த்தார். ஹாசன் பக்கத்துக்காரர். "யாரு முட்டித்து இதன்னா?" என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். யார் தொட்டது இதை என்று கேட்கிறார். எல்லோரும் ஓடினோம். கேஜ்கள்மேல் பழுப்புப் பழுப்பாகத் துரு. கன்னாபின்னாவென்று இல்லை. விரல் விரலாக இருந்தது. நடுவில் இருந்த பலகையில் ஒரு கட்டைவிரல், ரேகை சுழி முதற்கொண்டு தெரிந்தது. ஆதார் எடுக்கும்போது அந்த மெஷினில் பதியவே மாட்டேன் என்று அடம்பிடித்த என் ரேகை, இங்கே இவ்வளவு அழகாகப் பதிந்து கிடந்தது.

முதலில் குங்குமத் தண்ணீர் என்றார்கள். சூடப் புகை என்றார்கள். மழை ஈரம், மட்டமான சந்தனம், ஐயர் தெளித்த தீர்த்தம் என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டார்கள். என்னைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார்கள், எனக்காகத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறது. ஃபோர்மேன் சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு பழைய எஃகுப் பலகையைச் சாணை பிடித்துவைத்து, எல்லோரையும் அதில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். அவரும் வைத்தார். யாருடையது எது என்று பக்கத்தில் மார்க்கரால் எழுதினார். என் முறை வரும்போது கையைச் சுடிதாரில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டு வைத்தேன். திங்கட்கிழமை பார்த்தால் அவ்வளவு பேரின் விரலும் இருந்த இடம் தெரியவில்லை. என்னுடையது மட்டும் இருந்தது.

சில பேர் வேர்வைக்கு அப்படி ஒரு குணமாம். உப்பு அதிகமோ என்னவோ. டூல் ரூம்காரர்களுக்கு அது தெரிந்த விஷயம்தான். அப்படிப்பட்ட கை என்று தெரிந்தால் வழவழப்பான எஃகுப் பக்கமே விடமாட்டார்களாம். ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னார்.

"உன் தப்பு இல்லம்மா" என்றார்.

ஐயோ, அவர் திட்டியிருக்கலாம்! தப்பு என்றால் திருத்திக்கொள்வேன். அளவு தப்பினால் மறுபடி செய்வேன், சோம்பேறித்தனம் என்றால் விடிவதற்கு முன்னால் வந்து நிற்பேன். என் தப்பு இல்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது? எதைப் பிடித்துக்கொண்டு போராடுவது?

"கிளவுஸ் போட்டுக்கறேன் சார்."

"சாணைக்கல்லு சுத்தற இடத்துல கிளவுஸ் போட்டா விரலையே இழுத்துக்கும்மா. உனக்கே தெரியும்."

"துடைச்சித் துடைச்சி வேலை செய்யறேன் சார்."

"எத்தனை வாட்டி துடைப்பே? ஒரு நாள் மறந்தா ஒரு டையே போச்சு. கஸ்டமர் சும்மா இருப்பானா?"

எனக்குத் தெரியும். அவர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். இருந்தும் வாய் கேட்டுக்கொண்டே இருந்தது. "தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றேன். சரி என்றார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. பவுடர் போட்டேன். படிகாரத் தண்ணீரில் கையை ஊறவைத்தேன். டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறவைத்தேன், கை பழுப்பானது, வேர்வை நிற்கவில்லை. வேர்க்கக்கூடாது என்று நினைத்தால் இன்னும் அதிகமாக வேர்த்தது. மெட்ரோவில் கம்பியைப் பிடித்துவிட்டு எடுத்தால் கம்பியில் என் கை ஈரம் நிற்கும். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வருவேன். சனியனே, நில்லேன் என்று என் கையை நானே திட்டுவேன்.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியாமல் என்னை ஆட்டோவில் ஏற்றி ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். மருந்து இருக்கிறது, தண்ணீரில் லேசாகக் கரண்ட் விடுகிற வைத்தியம் இருக்கிறது, கொஞ்ச நாள் குறையும், மறுபடி வரும், வேர்வையே இல்லாமல் செய்ய முடியாது, அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, கவலைப்படாதீர்கள் என்றார். பிறகு சாதாரணமாக, "வீட்டில வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்.

அப்பா தன் உள்ளங்கைகளைப் பேன்ட்டில் ஒருமுறை துடைத்துவிட்டு, விரித்து டாக்டரிடம் நீட்டினார்.

"வண்டி ஓட்டறதுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல டாக்டர். இவளுக்கு இப்படி ஆகும்னு தெரியாது" என்றார்.

திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றது. ஹேண்டிலில் சுற்றியிருந்த துணியை அப்பா அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். அடுத்த சிக்னலிலும் அதையே செய்தார். நான் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா சொன்ன மருந்தைத் தடவினேன். கை வெடித்து எரிந்தது. கொஞ்சம் குறைந்தது, பிறகு பழையபடி ஆனது. தீபாவளி முடிந்ததும் ஆபீசில் கூப்பிட்டார்கள். மாடியில் புரோகிராமிங் ரூமில் ஓர் இடம் இருக்கிறது, மெஷின் எப்படி வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுக்கிற வேலை, உனக்கு மெஷின் தெரியும், மூளை இருக்கிறது, இது புரமோஷன் என்று நினைத்துக்கொள் என்றார்கள். மறுத்தால் வெளியேதான். வேறு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதே கையைத்தானே கொண்டுபோக வேண்டும்? சரி என்றேன்.

அம்மாவிடம் புரமோஷன் என்ற ஒரு வார்த்தைதான் சொன்னேன். கம்ப்யூட்டர், ஏ.சி. ரூம், எனக்கென்று ஒரு டேபிள் என்பது பின்னால் அப்பா வாயிலிருந்து வந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொல்லல? நான் சொல்லல? எங்க சுத்தினாலும் கடைசில அங்கதான் வருவேன்னு எனக்குத் தெரியும்டி!"

கோயிலுக்கு ஓடினாள். மைசூர்பாகு வாங்கி வந்து சந்து முழுக்கக் கொடுத்தாள். மாமாவுக்கு ஃபோன் போட்டாள். நான் டிப்ளமோ சேர்ந்ததிலிருந்து அவள் முகத்தில் பார்க்காத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு முன்னால் நான் என்ன பேச முடியும்? அவள் ஊட்டிய மைசூர்பாகை மென்று முழுங்கினேன். அப்பா எழுந்து வெளியே வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

மாடி வேலை மோசம் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் செய்கிறேன். ஆனால் கண்ணாடிச் சுவருக்குக் கீழே டூல் ரூம் தெரியும். சாணைக்கல்லின் ஓசை மேலே வராது. என் இடத்தில் ஒரு புதுப் பையன் நிற்கிறான். எஃகைக் கையால் தடவிப் பார்க்கிறான், அவ்வளவு அலட்சியமாக. என் கைக்குக் கீழே மவுஸ் ஈரமாகிறது. பிளாஸ்டிக்குக்குத் துருப் பிடிக்காது. எவ்வளவு வேண்டுமானாலும் வேர்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். அப்பாவுக்கு அன்றைக்குச் சவாரி அதிகம் என்று அவர் நழுவிவிட்டார். அம்மா இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முதலில் மாடிக்குத்தான் கூட்டிப்போகச் சொன்னாள். என் டேபிளைப் பார்த்தாள். என் பெயர் போட்ட சின்ன போர்டைப் படித்தாள். உடனே முந்தானையை எடுத்து டேபிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். "அம்மா, விடும்மா, சுத்தமாத்தான் இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே நிறுத்தினாள். சேரில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று அதன் முதுகை மட்டும் தடவிக்கொடுத்தாள்.

கீழே பூஜைக்குப் போனோம். இந்த வருஷம் கேஜ் பெட்டியை அந்தப் புதுப் பையன் அடுக்கியிருந்தான். நடுவில் புதிதாகச் சாணை பிடித்த ஒரு பலகை, லீவு முடிந்ததும் கஸ்டமருக்குப் போக வேண்டியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். அங்கே போனால் எப்போதும் அப்படித்தான் நிற்பேன், பழக்கமாகிவிட்டது. ஐயர் குங்குமம் வைத்தபோது பலகையின்மேல் கொஞ்சம் சிந்தியது. அவ்வளவுதான். அம்மாவுக்கு அழுக்கைக் கண்டால் கை நிற்காது. யாரும் தடுப்பதற்கு முன்னால் குனிந்து, உள்ளங்கையால் பலகையை முழுசாக ஒரு வழி வழித்துவிட்டாள். தடவியிருந்த எண்ணெயும் அதோடு போய்விட்டது.

"அம்மா, தொடாதே!"

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மணியடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அம்மா கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் முகம் சுருங்கிப்போனது. ஃபோர்மேன் வந்து, "விடும்மா, அம்மாதானே. பூஜையில வெச்சாச்சு, இனி எடுத்துத் துடைக்கக் கூடாது. ஆண்டவன் பாத்துப்பான்" என்றார். என்னை அவர் பார்த்த பார்வையில் கவலை இருந்தது. மகள் கை அப்படி என்றால் தாய் கை எப்படி இருக்குமோ என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்திருப்பார்கள். அது அப்பாவின் கை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு எந்தக் கையின்மேலும் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

மெட்ரோவில் அம்மா கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, பொரி பொட்டலத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"டேபிள்ல ஆயிரம் சாமான் இருக்கும். துடைக்கறேன். ஆபீஸ்ல கூட என்னை யாரும் அப்படித் தொடாதேன்னு சொன்னதில்லடி."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கை, கேஜ், கட்டைவிரல், டாக்டர், புரமோஷன் எப்படி வந்தது, எல்லாம். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. கடைசியில் அம்மா மெதுவாக, "அப்ப அந்த மைசூர்பாகு?" என்று கேட்டாள். "வாயில ஊட்டினேனேடி" என்றாள்.

லீவு முழுக்க அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பினாயிலும் சோப்புத் தண்ணீரும் தின்று வெளுத்த கை. ரேகை தேய்ந்து, சொரசொரவென்று காய்ந்துபோன கை. "அந்த இரும்பு கெட்டுப்போனா உன்னை ஏதாவது சொல்லுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திறக்கிற நாள் காலையில் சீக்கிரமே போய் நேராக டூல் ரூமுக்குள் நுழைந்தேன். ஃபோர்மேன் எனக்கு முன்னால் வந்திருந்தார். பலகையைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினார். ஒரு புள்ளி இல்லை. அம்மா வழித்த இடம் எது, வழிக்காத இடம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் புதுப் பையன் அடுக்கிய கேஜ்களில்கூட லேசாக ஒன்றிரண்டு மங்கல் இருந்தது, துடைத்தால் போய்விடும். அம்மாவின் கை பட்ட இடம் கண்ணாடியாக இருந்தது.

"இந்த மாதிரி காஞ்ச கை கிடைக்காதும்மா" என்றார் ஃபோர்மேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எனக்கு வேண்டியிருந்த கை இத்தனை வருஷமாக என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. யாருடைய டேபிளையோ துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஃபோன் அடித்தது. அம்மாதான். வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

"என்னடி, கெட்டுப்போச்சா?"

"ஒண்ணும் ஆகலம்மா. பளபளன்னு இருக்கு."

"நெசமாவா? எனக்காகச் சொல்றியா?"

"நெசமாம்மா. உன் கை நல்ல கை. இந்த வேலைக்குன்னே செஞ்ச கை."

அந்தப் பக்கம் அவள் கையிலிருக்கிற ஸ்ப்ரே பாட்டில் ஒருமுறை அடிக்கிற சத்தம் கேட்டது.

"கழட்டிக் குடுக்கற மாதிரி இருந்தா குடுத்துடுவேன்டி" என்றாள்.

நான் ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது என் கையில் வழுக்கியது.

"சரி, டைம் ஆகுது. போ, போய் சேர்ல உக்காரு" என்றாள் அம்மா.

மாடிக்குப் போய் உட்கார்ந்தேன்.